சித்திரை முதல் தை வரை: சர்க்கரை நோய்க்கு இலக்கு வைப்பது எப்படி? பர்மாத் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

யாங்கோனில் இருக்கும் நமக்கு வருடத்துக்கு மூன்று புத்தாண்டு. ஜனவரி 1 ஒன்று. சித்திரை 1 இரண்டாவது. அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, திஞ்சான் என்கிற தண்ணீர்த் திருவிழா எல்லாம் ஓய்ந்த பிறகு வரும் பர்மியப் புத்தாண்டு மூன்றாவது. மூன்றிலும் நான் ஒரே சபதத்தைத்தான் எடுத்து வந்தேன்: "இந்த வருஷம் சர்க்கரையைக் குறைச்சிடணும்." சமையலறை நாள்காட்டியில் எழுதியும் வைத்தேன். அடுத்த வருட நாள்காட்டியிலும் அதே வரி. அதற்கடுத்த வருடம் எழுதப் போனபோது என் மனைவி, "ஏங்க, பழசையே மாட்டி வச்சிடலாமே" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். "சர்க்கரையைக் குறைக்கணும்" என்பது ஆசை. நாளைக் காலையில் டீக்கடையில் உட்கார்ந்ததும் என்ன சொல்ல வேண்டும், அரிசிப் பானையில் எத்தனை டின் போட வேண்டும் என்று அது சொல்வதில்லை. சொல்லாத இலக்கு பத்து நாளில் மறந்துபோகும். கையால் செய்யக்கூடிய காரியமாக, எண்ணிப் பார்க்கக்கூடியதாக, தேதி போட்டு எழுதினால்தான் அது நிற்கிறது. எனக்கு நின்றதை, படி வாரியாக எழுதுகிறேன்.

2014இல் இந்த நாட்டில் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 25 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் 10.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பத்துப் பேர் உட்கார்ந்த பந்தியில் ஒருவர். நம் வீட்டு விசேஷப் பந்தியில் இன்னும் கூடுதல் என்பது என் கண் கணக்கு.

முதல் படி: திஞ்சானுக்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள்

சித்திரை பிறந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். திஞ்சான் வாரத்தில் கடை, பரிசோதனைக்கூடம், கிளினிக் எல்லாம் மூடிக்கிடக்கும். பங்குனி கடைசியிலேயே போய்விட்டால், புத்தாண்டு அன்று கையில் எண் இருக்கும். அப்படியே இரண்டு வாரத்துக்கான மாத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய பரிசோதனைகளில் முக்கியமானது ஹெச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அந்தக் காலத்தில் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியதோ, அதற்கேற்ப அதில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. (முயற்சி செய்தவன் சொல்கிறேன்.) 7 சதவீதம் என்றால் ரத்தச் சர்க்கரை சராசரியாக 154 மி.கி., 8 என்றால் 183, 9 என்றால் 212.

இங்கே ஒரு விஷயம். ரத்தசோகை உள்ளவர்களுக்கும், தலசீமியா அல்லது இந்தப் பகுதியில் நிறையப் பேருக்கு இருக்கும் ஹீமோகுளோபின் 'ஈ' வகை உள்ளவர்களுக்கும் இந்த எண் தப்பாகக் காட்டக்கூடும். குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வீட்டில் சர்க்கரை அளக்கும் கருவியில் வரும் எண்ணும் ஹெச்பிஏ1சியும் சம்பந்தமில்லாமல் இருந்தாலும் சொல்லுங்கள்.

இதோடு வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் ஆகியவற்றையும் பாருங்கள். சிறுநீரகம் கெட ஆரம்பிக்கும்போது வலிக்காது, வீங்காது. அல்புமின் பரிசோதனைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம் படி: எந்த எண்ணுக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பொதுவாகச் சொல்லப்படும் எல்லை இது: ஹெச்பிஏ1சி 7க்குக் கீழே, வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 180க்குக் கீழே, ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே. ஆனால் எழுபதைத் தாண்டியவர், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து மயங்குபவர், இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்கு 8 வரைகூடப் போதும் என்று மருத்துவர்கள் தளர்த்திக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 6.5 வைத்திருக்கிறார் என்பதற்காக உங்கள் அப்பாவை விரட்டாதீர்கள்.

இன்னொன்று, ஒரே தாவலில் போக வேண்டாம். எனக்கு முதலில் வந்தது 9.4. 7 என்று எழுதியிருந்தால் முதல் மாதமே மனம் விட்டிருக்கும். "ஆடிக்குள் 8.4" என்று எழுதினேன்.

ஏன் ஆடி? நம் நாள்காட்டியே இதற்கென்று செய்தது போல இருக்கிறது. சித்திரை 1, ஆடி 1, ஐப்பசி 1, தை 1 என்று நான்கு மாதப்பிறப்பு, மூன்று மூன்று மாத இடைவெளியில் வருகின்றன. ஹெச்பிஏ1சி மாறிக் காட்டுவதற்கும் அதே மூன்று மாதம்தான் வேண்டும். ஜூலை 15, அக்டோபர் 15 என்று எழுதியிருந்தால் எனக்கு மறந்திருக்கும். ஆடிப்பிறப்பு மறக்காது.

எடை கூடியிருந்தால் அதில் 5 சதவீதம் குறைத்தாலே சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். 72 கிலோ உள்ளவருக்கு அது 3.6 கிலோ. சந்தைக் கணக்கில் இரண்டு வீசைக்குக் கொஞ்சம் மேல். (வெள்ளைக்காரன் எழுதிவைத்த 'விஸ்' நம் வீசையிலிருந்து போனதுதான்.) இடுப்புச் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. எல்லை. லுங்கி கட்டுகிறவர்களுக்கு இடுப்பு பெருத்தது தெரியவே தெரியாது. பேண்ட் போல அது இறுக்காது, முடிச்சு மட்டும் சின்னதாகிக்கொண்டே போகும்.

மூன்றாம் படி: டீக்கடையிலிருந்து தொடங்குங்கள்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் பலருடைய சர்க்கரை சோற்றில் மட்டும் இல்லை, குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து குடிக்கும் அந்தக் கோப்பையில் இருக்கிறது.

டீக்கடைகளில் என்னென்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். 'சோ செயின்' என்றால் இனிப்பும் பாலும் தூக்கல். 'ச்சா செயின்' என்றால் டிகாக்‌ஷனும் பாலும் தூக்கல். 'பொ ஜா' என்றால் இனிப்புக் கம்மி, டிகாக்‌ஷன் தூக்கல். நான் இருபது வருடமாகச் சோ செயின் ஆள். ஒருநாள் டீ ஆற்றுகிறவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். கோப்பையின் அடியில் கெட்டிப்பால் (டின்னில் வரும் கண்டென்ஸ்டு மில்க்) இரண்டு கரண்டி, அதன் மேல் கொதிக்கக் கொதிக்க டிகாக்‌ஷன், மேலே பால் ஒரு ஊற்று. கெட்டிப்பால் அடியிலிருந்து சுருண்டு சுருண்டு மேலே வருகிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 10 கிராம். கோப்பைக்கு இரண்டு என்றால் 20 கிராம். நாளைக்கு மூன்று கோப்பை குடித்தால் 60 கிராம், அதாவது தேக்கரண்டிக் கணக்கில் பதினைந்து. வீட்டில் காப்பிக்கு அரைக் கரண்டி சர்க்கரை போட்டதற்காக மனைவியோடு சண்டை போட்டவன் நான்.

முதல் மாத இலக்கை இப்படி எழுதினேன்: "நாளைக்கு இரண்டு டீ. இரண்டும் பொ ஜா." முதல் வாரம் கஷாயம் மாதிரிதான் இருந்தது. மூன்றாவது வாரத்தில் நாக்கு பழகிவிட்டது. இப்போது யாராவது சோ செயின் வாங்கிக் கொடுத்தால் பாயசம் போல இருக்கிறது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: பொ ஜா என்றாலும் அதில் கெட்டிப்பால் இருக்கிறது, குறைவாக, அவ்வளவுதான். கடைக்குக் கடை கையும் மாறும். குடித்து ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் ஒரு தடவை பார்த்தால் உங்கள் கடையின் கை தெரிந்துவிடும்.

மூன்றாவது டீ நேரத்தில் என்ன செய்வது? மேசையிலேயே பிளாஸ்கில் இருக்கிறதே, 'யே நுவே ஜான்', சர்க்கரை இல்லாத பச்சைத் தேயிலைத் தண்ணீர். காசு கிடையாது, எத்தனை கோப்பை வேண்டுமானாலும் குடிக்கலாம், யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். டீக்கடைக்குப் போவதை நிறுத்து என்று எந்த மருத்துவர் சொன்னாலும் நாம் கேட்கப் போவதில்லை. கோப்பையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

காலைப் பலகாரத்துக்கும் அங்கேயே நல்லது இருக்கிறது. பலாத்தாவுக்கு, அதாவது நம் பரோட்டாவுக்கு, சர்க்கரை தூவி வாங்காமல், 'பே பியொ' என்கிற வேகவைத்த பட்டாணி ஒரு தட்டு, நான் ரொட்டியில் பாதி. பட்டாணியில் புரதமும் நாரும் இருப்பதால் சர்க்கரை சட்டென்று ஏறாது. பர்மியர் 'தோஷே' என்று அழைக்கும் நம் தோசையும் தப்பில்லை, ஒன்றோடு நிறுத்தினால்.

நான்காம் படி: அரிசியை டின்னால் அளந்து போடுங்கள்

இந்த நாட்டில் அரிசி அளக்கும் பாத்திரமே காலியான கெட்டிப்பால் டின்தான். பர்மியர் 'நொ ஸீ பூ' என்பார்கள். எட்டு டின் ஒரு 'பியீ'. உங்கள் அரிசி டிரம்மிலும் ஒன்று கிடக்கும். அதுவே நல்ல அளவுகோல்.

ஒரு டின்னில் சுமார் 250 கிராம் அரிசி பிடிக்கும். அதில் மாவுச்சத்து ஏறக்குறைய 200 கிராம். நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 50 கிராம், சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு ஒருவேளைக்குப் பொருத்தமான அளவு. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மதியம் இரண்டு டின், ராத்திரி இரண்டு டின் பொங்கிக்கொண்டிருந்தோம். கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது, வேண்டியதைப் போல இரண்டு மடங்கு.

இரண்டாவது மாத இலக்கு: "வேளைக்கு ஒன்றரை டின்." மூன்றாவது மாதம்: "ஒன்றேகால்." இதில் உள்ள வசதி என்னவென்றால், பசியோடு தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு மனதைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை. பானையிலேயே சோறு இல்லை. வயலில், துறைமுகத்தில் உடம்பால் உழைக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குக் கூடுதலாகப் பொங்குங்கள், ஆனால் தனிப் பாத்திரத்தில்.

அரிசியைக் குறை சொல்லவில்லை. 2011இல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கியது நம் ஊர் பொசான். பஞ்சு போல இருக்கும், மணக்கும், குழம்பே இல்லாமல் இறங்கும். அதுதான் பிரச்சினையே.

காலியான இடத்தை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு பிஸ்கட் டின்னைத் திறப்பீர்கள். தட்டில் பாதி காய், கால் பங்கு மீன் முட்டை பருப்பு, கால் பங்கு சோறு. காய்க்கு இங்கே பஞ்சமே இல்லை. 'சின் பௌங்' என்று விற்கிறார்களே, அது நம் புளிச்சகீரை. 'மியின் க்வா' வல்லாரை, வெங்காயமும் வறுத்த வேர்க்கடலையும் போட்டுப் பிசைந்தால் ஒரு தட்டு போவதே தெரியாது. முதலில் புளிச்சாறும் காயும், அப்புறம் மீன், கடைசியாகச் சோறு என்று வரிசையை மாற்றினாலே சாப்பிட்ட பிறகு ஏறும் அளவு குறைகிறது. குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயைச் சோற்றில் ஊற்றிப் பிசையாமல் ஒதுக்கிவிடுங்கள்.

திஞ்சானுக்கு 'மோன் லோன் யே பொ' செய்து தெருவெல்லாம் கொடுப்பார்கள். நம் கொழுக்கட்டைக்குத் தம்பி, உள்ளே வெல்லம். வேண்டாம் என்று கையைத் தட்ட முடியாது, கூடாது. இரண்டு உருண்டை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். அன்று ராத்திரி சோற்றில் ஒரு பிடி குறையுங்கள்.

ஐந்தாம் படி: நடை

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கணக்கு. அதை மொத்தமாக நினைத்தால் மலைப்பு. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் என்றால் தானாக வந்துவிடும், சர்க்கரை ஏறும் நேரத்திலேயே தசை அதை எடுத்துக்கொள்ளவும் செய்யும். கண்டாஜி ஏரிக்கரை விடியற்காலையில் அருமைதான், ஆனால் வைகாசி பாதியில் மழை பிடித்தால் ஐப்பசி வரை விடாது. ஏரிக்கரையை மட்டும் நம்பி இலக்கு எழுதினால் மழையோடு அதுவும் போய்விடும். வீட்டுக்குள் முன்கதவிலிருந்து பின்கதவு வரை நடந்தாலும் நடைதான். மாடி ஏறி இறங்கலாம், மூட்டு ஒத்துழைத்தால்.

வெற்றிலைக்கும் ஒரு வரி: புகையிலை போட்ட க்வூன்யாவை விடுவதற்கும் ஒரு தேதி எழுதுங்கள். சர்க்கரையும் புகையிலையும் சேர்ந்தால் ரத்தக் குழாய் அடைபடும் ஆபத்து கூடும்.

ஆறாம் படி: பாதம்

எங்கள் பெரியம்மா ஒரு சித்திரையில் அண்டை வீட்டுப் பர்மியத் தோழியோடு பகோடா என்கிற புத்தர் கோயிலுக்குப் போனார். செருப்பு மட்டுமல்ல, சாக்ஸும் கழற்ற வேண்டும், தெரியும்தானே. உச்சி வெயில். எல்லோரும் தத்தித் தத்தி ஓடியிருக்கிறார்கள். பெரியம்மா மட்டும் நிதானமாக நடந்திருக்கிறார். "எனக்குச் சுடவே இல்லடி, எல்லாம் அந்த அம்மா அருள்" என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். சாயங்காலம் பாயில் ஈரமாக என்னவோ இருக்கிறதே என்று பார்த்தால், இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்திருந்தது. நரம்பு மரத்துப்போனவருக்குச் சுடாது. அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது.

அதனால் இந்த இலக்கு எல்லோருக்கும் கட்டாயம்: தினமும் ராத்திரி படுக்கும் முன் பாதம் பார்ப்பது. விரல் இடுக்கு, குதிகால், நகத்தின் ஓரம். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரனைக் கூப்பிடலாம். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, நிறம் மாறியது எது தெரிந்தாலும் மறுநாளே காட்டுங்கள். மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஷ்வேடகோன் பகோடாவுக்கோ காளியம்மன் கோயிலுக்கோ போவதென்றால் விடியலில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. வெயில் நேரம் என்றால் கறுப்புக் கல்லை விட்டு வெள்ளைக் கல்லிலும், விரித்திருக்கும் பாயிலும் கால் வையுங்கள். திஞ்சானில் நாள் முழுக்கக் கால் நனைந்திருந்தால் விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள்.

பூக்குழி இறங்க வேண்டிக்கொண்டவர்களுக்கு: பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவரிடம் பரிசோதித்துவிட்டு இறங்குங்கள். உணர்ச்சி இல்லையென்றால் வேண்டுதலை வேறு வழியில் செலுத்திக்கொள்ளலாம், பால்குடம் இருக்கிறது.

ஏழாம் படி: மருந்து, கரண்ட், விரதம்

மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஒரு இலக்கு அல்ல. பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் குடித்துக்கொள்ளுங்கள், ஆனால் மாத்திரையோடு.

இன்சுலின் போடுபவர்களுக்குக் கரண்ட் போவது பெரிய தலைவலி. திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பாட்டிலோ பேனாவோ, பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை வெளியே தாங்கும், பெட்டியில் உள்ள தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏப்ரலில் யாங்கோன் பகல் 37, 38 டிகிரி. மண்பானைதான் கைகொடுக்கும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் மணல், மணலில் காலை மாலை தண்ணீர். இன்சுலினைத் தண்ணீர் புகாத பையில் கட்டிச் சின்னப் பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வெயில் காலத்தில் நன்றாகக் குளிரும், மழைக்காலத்து ஈரக்காற்றில் அவ்வளவு இல்லை. பனிக்கட்டியில் நேராகப் புதைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

விரதம் இருக்கிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பமான பேச்சு வந்தால் அளந்து பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் அங்கேயே விரதம் முடிந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. கெட்டிப்பால் இதற்குச் சரிவராது. அதில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

எட்டாம் படி: ஆடியில் கணக்குப் பார்ப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் நான்கு குறிப்புகள்: எத்தனை டீ, எத்தனை டின், நடந்தேனா, பாதம் பார்த்தேனா. வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டுக்கு முன்னும் 2 மணி நேரம் பின்னும் அளந்து எழுதுங்கள். ஸ்ட்ரிப் விலைக்குத் தினமும் குத்திக்கொள்ள நம்மால் ஆகாது. எந்தச் சாப்பாடு உங்களை ஏற்றுகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போதும். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் மருத்துவர் சொன்னபடி பார்க்க வேண்டும்.

ஆடிப்பிறப்புக்கு எனக்கு வந்தது 8.6. எழுதியது 8.4. நோட்டைப் புரட்டினால் காரணம் தெரிந்தது: வைகாசியில் மழை பிடித்த மூன்று வாரம் நடைக் கட்டம் முழுக்கக் காலி. டீ, அரிசி இரண்டும் சரியாக இருந்தன. ஆகவே ஆடியில் அவற்றைத் தொடவில்லை, நடையை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தும் எண் இறங்கவில்லை என்றால் தப்பு உங்கள் மேல் இல்லை. இந்த நோயில் வருடம் போகப் போகக் கணையத்தின் பலம் குறையும், மருந்தைக் கூட்ட வேண்டிய நேரம் வந்திருக்கும். நோட்டோடு போனால் மருத்துவர் அதை ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஐப்பசியில் தீபாவளி. அந்த மாதம் புது இலக்கு எதுவும் எழுதாதீர்கள், பழையதைக் காப்பாற்றினால் போதும்.

தையில் வருடாந்திரப் பரிசோதனையை வைத்துக்கொள்ளுங்கள்: சிறுநீரகம், கொழுப்பு, பாதம், கண். கண்ணுக்கு விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விடுவார்கள், அதன் பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக, வெளிச்சம் கூசுவதாக இருக்கும். தனியாகப் போய்விட்டுப் பஸ் எண் தெரியாமல் நிறுத்தத்தில் நிற்காதீர்கள், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.